ஓக் மரத்தில் ரம்பம் வைக்கும் முன்: ஆஸ்டின் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

டெக்சஸில் ஆஸ்டின், ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் வீடு பார்க்கப் போனால் ஏஜெண்ட் தவறாமல் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய் ஓக் மரத்தைக் காட்டுவார். அந்த நிழலுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார்கள். குடிபுகுந்து கொஞ்ச நாளில் ஒரு சனிக்கிழமை காலை வாசலில் பிக்கப் வண்டி ஒன்று வந்து நிற்கும். "மரம் ரொம்ப அடர்ந்து கிடக்கிறது, கூரையில் விழுந்துவிடும், இன்றைக்கே கழித்துத் தருகிறோம்" என்பார்கள். கேட்கும் பணமும் குறைவாகத்தான் இருக்கும்.

நான் அப்படி வந்தவர்களுக்குச் சரி என்று சொன்னவன். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்டினில் பனிக்கட்டி மழை பெய்து ஊர் முழுக்க ஓக் கிளைகள் முறிந்து கிடந்ததே, அந்த வாரம். முறிந்த கிளை ஒன்றை எடுக்கத்தான் கூப்பிட்டேன். அதை எடுத்த கையோடு மரத்தின் உள்பக்கம் முழுவதையும் வழித்துச் 'சுத்தம்' செய்துவிட்டுப் போனார்கள். வெட்டிய இடம் ஒன்றில்கூடப் பெயின்ட் இல்லை. அடுத்த கோடையில் வெயில் நேராகப் பட்டு மேல்கிளைகளின் பட்டை வெடித்தது. அதற்கடுத்த வருடம் சாதாரணக் காற்றுக்கே பெரிய கிளை ஒன்று பிளந்து விழுந்தது. அந்த மரம் எங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் நூறு வருடத்துக்கு மேல் நின்றிருந்தது. பத்து நிமிடம் படித்திருந்தால் தடுத்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடம்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தைக் கழிப்பது பற்றி நமக்கு இருக்கும் நினைப்பு ஊரிலிருந்து வந்தது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிளுவை வேலி, பூவரசு, வாதநாராயணன் எல்லாம் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஓக் அந்த ஜாதி இல்லை. அதிலும் முதிர்ந்த ஓக், இழந்த இலையை ஈடுகட்டச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். அந்தச் சேமிப்பு வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும்.

முதல் வேலை: நிற்பது எந்த ஓக்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். மத்திய டெக்சஸில் வீட்டுத் தோட்டங்களில் இருப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

இலை சிறியதாக, நீள்வட்டமாக, தோல் போலக் கெட்டியாக இருந்து, குளிர்காலத்திலும் பச்சையாகவே நின்றால் அது லைவ் ஓக். பல மரங்கள் ஒரே வேர்த்தொகுப்பிலிருந்து கிளம்பிக் கூட்டமாக நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் மரமும் உங்கள் மரமும் மண்ணுக்குக் கீழே ஒன்றாகவே இருக்கலாம்.

இலையில் ஆழமான பிளவுகளும், ஒவ்வொரு நுனியிலும் முள் போன்ற மெல்லிய கூரும் இருந்தால் சிவப்பு ஓக் வகை. ஸ்பானிஷ் ஓக், ஷூமார்ட், பிளாக்ஜாக் எல்லாம் இதில் சேரும். பிளவுகளின் நுனி கூரில்லாமல் உருண்டிருந்தால் பெரும்பாலும் வெள்ளை ஓக் வகை. போஸ்ட் ஓக், பர் ஓக் அதில் வரும்.

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் பயப்படும் ஒரு விஷயம்: பிப்ரவரி, மார்ச் வாக்கில் லைவ் ஓக் திடீரென்று மஞ்சளித்து இலையைக் கொட்டும். அது நோய் அல்ல. பழைய இலையைத் தள்ளிவிட்டுப் புதுத் துளிர் விடுகிறது, சில வாரங்களில் மறுபடி பச்சையாகிவிடும். அந்த நேரத்தில்தான் வாசலுக்கு வருபவர்கள் "மரம் சாகிறது" என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

இரண்டாவது: நாள்காட்டியைப் பாருங்கள்

பிப்ரவரி 1 முதல் ஜூன் 30 வரை ஓக் மரத்தில் கத்தி வைக்காதீர்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறை சொல்லும் விதி இது. காரணம் ஓக் வில்ட் என்ற வாடல் நோய்.

இது ஒரு பூஞ்சை. பெயர் பிரெட்சியெல்லா ஃபகாசியாரம். மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் புகுந்து வளரும். அதைத் தடுக்க மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். கடைசியில் இலைக்குத் தண்ணீர் ஏறாமல் மரமே காய்ந்துபோகும். டெக்சஸில் 70-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இந்த நோய் இருக்கிறது.

இந்த நோயில் செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்கு அடியில், குளிர்ந்த ஈரமான நாட்களில், பூஞ்சை பாய் போலப் படர்ந்து பட்டையை வெடிக்கச் செய்யும். புளித்த பழம் போல வாசம் வரும். அந்த வாசத்துக்குச் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள சாறுண்ணி வண்டுகள் வந்து, உடம்பில் வித்துகளை ஒட்டிக்கொண்டு பறக்கும். புதிதாக வெட்டிய ஓக்கிலிருந்து கசியும் சாற்று வாசமும் அவற்றை இழுக்கும். நீங்கள் கிளையை வெட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போய் வருவதற்குள் வண்டு வந்து உட்கார்ந்துவிடலாம். வண்டும் பூஞ்சைப் பாயும் சேர்ந்து மும்முரமாக இருக்கும் காலம்தான் அந்த ஐந்து மாதம்.

ஒரு மரத்தில் நுழைந்த நோய் அதோடு நிற்காது. லைவ் ஓக்குகள் வேரால் இணைந்திருப்பதால் மண்ணுக்கடியில் வருடத்துக்குச் சராசரியாக 75 அடி நகர்ந்துகொண்டே போகும். உங்கள் கொல்லையில் ஏப்ரல் மாதம் செய்த ஒரு வெட்டு, நாலைந்து வருடத்தில் தெருக்கோடி மரத்தைச் சாய்க்கலாம். சிவப்பு ஓக்குக்கு நோய் வந்தால் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். லைவ் ஓக் பெரும்பாலும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு சாகும், சில மட்டும் அரைகுறையாகப் பிழைக்கும். வெள்ளை ஓக் வகைகள் ஓரளவு தாங்கும்.

ஆகவே கவாத்து வேலையை ஜூலை, ஆகஸ்ட் வெயிலிலோ, டிசம்பர், ஜனவரி குளிரிலோ வைத்துக்கொள்ளுங்கள். புயலில் கிளை முறிந்து கூரைமேலோ நடைபாதைமேலோ தொங்கினால் மாதம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதை மட்டும் எடுத்துவிடலாம், எடுத்த அடுத்த நிமிடமே பெயின்ட் அடிக்க வேண்டும். அதைச் சாக்காக வைத்து மற்ற கிளைகளையும் தொட விடக் கூடாது. எனக்கு நடந்தது அதுதான்.

பெயின்ட் ஏன்?

மரக் காயத்துக்குப் பெயின்ட் தேவையில்லை, அதனால் காயம் ஆறாது என்று படித்திருப்பீர்கள். பொதுவாக அது உண்மை. ஆனால் ஓக் வில்ட் இருக்கும் ஊரில் பெயின்ட் மருந்தல்ல, மூடி. வாசத்தை அடக்கி வண்டை அண்ட விடாமல் செய்வதுதான் அதன் வேலை. முதல் மூன்று நாள் வரை வெட்டுவாய் ஆபத்தானது. கடையில் கிடைக்கும் சாதாரண லேடெக்ஸ் ஸ்ப்ரே பெயின்ட் போதும். எந்த மாதமாக இருந்தாலும், எவ்வளவு சின்ன வெட்டாக இருந்தாலும், ஓக் என்றால் உடனே அடியுங்கள். புல்வெட்டும் இயந்திரம் மோதிப் பட்டை பெயர்ந்த இடம், குழி தோண்டும்போது அறுந்த வேர், புதிதாக வெட்டிய அடிக்கட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வெட்டினால் மரத்துக்குள் என்ன நடக்கிறது

நம் தோல் கிழிந்தால் அதே இடத்தில் புதுத் தோல் வரும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. வெட்டுப்பட்ட மரத்திசு ஒருபோதும் பழையபடி ஆகாது. மரம் செய்வதெல்லாம், காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, மேலே புதுத் திசுவால் போர்த்தி, உள்ளேயே பூட்டி வைப்பது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்து இதை விளக்கினார். ஐம்பது வருடத்துக்கு முன் பட்ட காயமும் உள்ளே அப்படியே இருக்கும்.

இளங்கிளையை வெட்டினால் வெட்டுமுகம் முழுக்க உயிருள்ள வெளிர்மரம், சுவர் எழுப்பத் தெம்பு இருக்கும். முதிர்ந்த ஓக்கில் தொடை அளவு கிளையை வெட்டினால் நடுவில் வைரம் வெளியே வந்துவிடும். வைரம் பாய்ந்த கட்டை உறுதி என்பது கதவுக்கும் நிலைக்கும் சரி. ஆனால் நிற்கும் மரத்தில் வைரம் உயிரில்லாத பகுதி, அதனால் சுவர் எழுப்ப முடியாது. காயம் மூடிக்கொள்ளப் பல வருடம் ஆகும், அதற்குள் அழுகல் உள்ளே இறங்கிவிடும். முதிர்ந்த மரத்தில் நாலு அங்குலத்துக்கு மேல் தடிமனான கிளையை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது ஏன் தேவை என்று வற்புறுத்திக் கேளுங்கள்.

இவற்றை யாரும் செய்ய விடாதீர்கள்

மொட்டையடிப்பது. உயரத்தைக் குறைக்கிறேன் என்று தலைக்கிளைகளை நடுவில் அறுத்துவிடுவது. கொஞ்ச நாளில் வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பும், "பாருங்கள், எவ்வளவு நன்றாகத் துளிர்க்கிறது" என்பார்கள். அது பட்டினியில் கிடக்கும் மரம் அவசரமாக இலை தேடுவது. அந்தப் போத்துகள் கிளைபோல உள்ளிருந்து வேரூன்றி வருபவை அல்ல, மேல்பட்டையோடு ஒட்டி நிற்பவை. பத்து வருடத்தில் கனமாகி, கீழே அழுகும் கட்டையோடு பிய்ந்துகொண்டு விழும். உயரத்துக்குப் பயந்து மொட்டையடித்தவர் முன்பைவிட ஆபத்தான மரத்தின் கீழ் இருப்பார்.

உள்பக்கத்தை வழிப்பது. இங்கே இதற்குச் சிங்கவால் என்று பெயர். உட்கிளைகளை எல்லாம் எடுத்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் போல இலையை விடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறோம். காற்றடிக்கும்போது உட்கிளைகள்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் அசைந்து ஆட்டத்தைத் தணிக்கும். அவை போனால் கனமெல்லாம் நுனிக்குப் போய், நீண்ட கழியின் முனையில் குடத்தைக் கட்டியது போலாகும். லைவ் ஓக் குளிர்காலத்திலும் இலையோடு நிற்பதால் பனிக்கட்டி மழை பெய்தால் அந்த நுனியில்தான் பாரம் ஏறும். இதோடு சேர்த்து, இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை டெக்சஸ் வெயிலில் வேகும்.

இந்த வழித்தல் பெரும்பாலும் பால் மாஸ் என்ற சாக்கில்தான் நடக்கும். கிளைகளில் சாம்பல்பச்சை நிறத்தில் பந்து பந்தாக ஒட்டியிருக்குமே, அது. பார்த்தால் புல்லுருவி மாதிரி தோன்றும், ஆனால் மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை. காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் வாழும் தொற்றுச்செடி, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிழலில் காய்ந்துபோன உட்கிளைகளில் அதிகம் இருப்பதால், அதுதான் கிளையைக் கொன்றது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதை எடுக்கிறேன் என்று உயிருள்ள கிளையை வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

முள் காலணி. மரம் ஏற, பூட்ஸில் இரும்பு முள் கட்டிக்கொண்டு வருவார்கள். அது வெட்டி வீழ்த்தப்போகும் மரத்துக்கு மட்டும். உயிரோடு வைத்துக்கொள்ளப்போகும் மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு காயம், ஓக்கில் ஒவ்வொன்றும் வண்டுக்குத் திறந்த வாசல். முள்ளோடு ஏறப்போனால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், கூச்சப்படாதீர்கள்.

நீங்களே செய்யக்கூடிய சின்ன வெட்டு

தரையில் நின்றபடி எட்டும், கட்டைவிரல் முதல் மணிக்கட்டுத் தடிமன் வரையான கிளைகளை நீங்களே எடுக்கலாம். ஏணியும் செயின் ரம்பமும் சேர்ந்து வேண்டும் என்றால் அது உங்கள் வேலை இல்லை. மின்கம்பிக்கு அருகில் என்றால் மின் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அடியில் சற்றுப் பருத்த வளையம் தெரியும். அதைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மேலே கவட்டில் சொரசொரப்பான பட்டை வரம்பு ஒன்று இருக்கும். மரம் சுவர் எழுப்பும் திசு அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. வெட்டு, வரம்புக்கும் கழுத்துக்கும் சற்று வெளியே விழ வேண்டும். தண்டோடு ஒட்ட வழித்தால் கழுத்தும் போய்விடும், பெரிய காயமாகும். ஒரு சாண் கட்டையை விட்டு வெட்டினால் அது காய்ந்து, அழுகலை உள்ளே அழைத்துச் செல்லும் பாதையாகும்.

கனமான கிளையை மூன்று வெட்டாக எடுங்கள். கழுத்திலிருந்து ஓரடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்கவும். அப்புறம் அதற்கும் சற்று வெளியே மேலிருந்து கீழே முழுவதும் அறுக்கவும், கிளை விழுந்துவிடும். கடைசியாக மிச்சக் கட்டையைக் கழுத்துக்கு வெளியே சரியாக எடுக்கவும். முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை சரியும்போது தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். பெயின்ட் டப்பா கையருகில் திறந்து இருக்கட்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்தியை எழுபது சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

சரியாக வெட்டினோமா என்று ஒன்றிரண்டு வருடத்தில் மரமே காட்டும். காயத்தைச் சுற்றி மெதுவடை போல முழு வட்டமாகப் புதுத் திசு எழும்பியிருந்தால் வெட்டு சரி. இரண்டு பக்கம் மட்டும் எழும்பி மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் கழுத்தில் கைவைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஆள் பிடிப்பது

டெக்சஸில் மரம் கழிக்க மாநில உரிமம் எதுவும் தேவையில்லை. ரம்பமும் வண்டியும் உள்ள யாரும் செய்யலாம். அதனால் ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்று பெற்ற ஆர்பரிஸ்ட்டை, அதாவது மரப் பராமரிப்பு நிபுணரைத் தேடுங்கள். சான்று எண்ணைக் கேட்டு, சங்கத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். காப்பீட்டுச் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஏறுபவருக்கு அடிபட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழக் கூடாது.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏப்ரல் மாதம் வந்து கழித்துத் தருவீர்களா? யோசிக்காமல் "தருகிறோம்" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். எனக்கு இப்போது மரம் பார்ப்பவர் முதல் முறை வந்தபோது, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வருடம் இதில் செய்ய ஒன்றும் இல்லை" என்றார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள்.

வேலையை எழுத்தில் வாங்குங்கள். "அடர்த்தியைக் குறைத்தல்" என்று பொதுவாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தக் கிளை, எதற்காக, அதிகபட்சம் எத்தனை அங்குலத் தடிமன், ஆன்சி ஏ300 என்ற அமெரிக்க மரப் பராமரிப்புத் தரப்படி, முள் காலணி கிடையாது, வெட்டியவுடன் பெயின்ட் என்று இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் நாலில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான உச்சவரம்பு. முதிர்ந்த மரத்துக்கு அதுவும் மிக அதிகம். காய்ந்த கிளை, கூரையில் உரசும் கிளை, எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் கடிதத்தில் சொன்ன உயரத்துக்குக் கீழே தொங்குவது: இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆஸ்டின் நகர எல்லைக்குள் இருந்தால் இன்னொன்று. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் 19 அங்குல விட்டம், அதாவது சுற்றளவு ஏறத்தாழ 60 அங்குலம் இருந்தால் அது பாதுகாக்கப்பட்ட மரம். உங்கள் சொந்த நிலத்தில் இருந்தாலும் நகராட்சி அனுமதியில்லாமல் அகற்ற முடியாது. பெரிய அளவில் கழிப்பதற்கு முன்னும் நகராட்சியைக் கேட்டுவிடுங்கள். மற்ற ஊர்களின் விதி வேறு வேறு.

ஏற்கெனவே தப்பாக வெட்டியாகிவிட்டதா?

உங்களில் பலர் இந்த நிலையில்தான் இதைப் படிப்பீர்கள். முதலில், வேறு எதையும் வெட்டாதீர்கள். சமன்படுத்துகிறேன் என்று மறுபக்கத்தையும் எடுக்க வேண்டாம். கிளம்பும் போத்துகளைப் பிடுங்க வேண்டாம், மரத்துக்கு இப்போது அந்த இலைதான் சோறு. நைட்ரஜன் உரம் போட்டு வளர்ச்சியை விரட்ட வேண்டாம்.

கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே, தண்டிலிருந்து தள்ளி, மண் ஆழமாக நனையும்படி மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வறண்ட மாதங்களில் சில வாரத்துக்கு ஒருமுறை போதும். வேர்ப்பகுதியில் மரத்தூள் மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போடுங்கள், தண்டைத் தொடாமல். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நல்ல ஆர்பரிஸ்ட் வந்து, போத்துகளில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேர்ந்தெடுப்பார். எங்கள் மரம் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. உள்பக்கம் மறுபடி துளிர் பிடித்திருக்கிறது.

இலையை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். லைவ் ஓக் இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகி, நரம்புகளுக்கு நடுவில் பச்சையாக இருந்தால், அப்படிப்பட்ட இலைகள் மரத்தடியில் குவிந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். உங்கள் பகுதி டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறை அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். நோயுள்ள கிளையின் துண்டுகளை ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து, காலேஜ் ஸ்டேஷனில் உள்ள தாவர நோய் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யலாம். உறுதியானால் பக்கத்து மரங்களின் அடியில் புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து செலுத்தலாம், நாலடி ஆழத்துக்கு மேல் பள்ளம் வெட்டி வேர்த் தொடர்பைத் துண்டிக்கலாம். இரண்டுக்கும் செலவு அதிகம், இரண்டும் மரம் வாடுவதற்கு முன்னால் செய்தால்தான் நல்ல பலன்.

செத்தது சிவப்பு ஓக் என்றால் விறகாக அடுக்கி வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். எரித்துவிடுங்கள், அல்லது புதைக்க ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம் அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்கள் மரமும் அதே வேரில் நிற்கலாம்.